மாத்திரை ஒரு இடம்... பென்ஷன் ஒரு இடம்... மனு ஒரு இடம்! முதியோருக்காக அலையும் சமூகப் பணியாளர் என்ன செய்வார்?

விருத்தாசலம்:

ஊர் பெயரிலேயே முதுமை இருக்கிறது. விருத்தாசலம், திருமுதுகுன்றம், பழமலை... எப்படிச் சொன்னாலும் பழைய மலை என்றுதான் அர்த்தம். ஆனால் இங்கே வயசானவங்க ஒரு காரியத்தை முடிக்க படும் அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

சர்க்கரை மாத்திரைக்கு அரசு ஆஸ்பத்திரி. உதவித்தொகைக்கு தாசில்தார் ஆபீஸ். பிள்ளை சோறு போடவில்லை என்று மனு கொடுக்க சப்-கலெக்டர் ஆபீஸ். மாவட்ட சமூக நல அலுவலரைப் பார்க்க சுமார் 60 கிலோ மீட்டர் தள்ளி கடலூர். மூட்டு வலியோடு 70 வயதில் இத்தனை படியும் ஏறி இறங்க முடியுமா?

இந்த இடங்களை எல்லாம் இணைத்து, யாருக்கு எது தேவை என்று பார்த்து முடித்துக் கொடுப்பதுதான் சமூகப் பணியாளரின் வேலை. ஊசி போடுவது அவர் வேலை இல்லை. ஊசி போட்ட பிறகு அந்தப் பாட்டியை வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பதுதான் அவர் வேலை.

"என்ன வேலை பார்த்தீங்க?"

இந்த ஊருக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். செராமிக் தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர், பொம்மை என்று பல வருடம் பீங்கான் வேலை பார்த்தவர்கள் இங்கே உண்டு. மண்ணோடு குவார்ட்ஸ் கல்தூளும் கலக்கும் தொழில் இது. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். வேலையை விட்டு பல வருடம் கழித்தும் மூச்சிரைப்பு தலைகாட்டும். நுரையீரலில் விழுந்த வடுவை மாற்ற மருந்து கிடையாது. காசநோய் வரும் ஆபத்தும் கூடுதல்.

பெரியவர் "இருமுது சார்" என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். "20 வருஷம் சூளையில கிடந்தேன்" என்பதை விசாரித்து டாக்டர் காதில் போட ஒரு ஆள் வேண்டும். சிலிக்கோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய். இழப்பீடு கேட்க வழி உண்டு. அதற்கு எங்கே, எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்ற ஆதாரம் தேவை. சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை எதுவானாலும் தூக்கிப் போடக்கூடாது.

இன்னொரு சிக்கல் கைரேகை. காலம் முழுக்க மண்ணைப் பிசைந்த விரலில் ரேகை தேய்ந்துபோகும். ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் பதியாது. கண் கருவிழிப் பதிவு, பதில் ஆள் அனுமதி என்று மாற்று வழி இருக்கிறது. ஆனால் சொல்லித்தர ஆள் இல்லாமல் வெறும் பையோடு திரும்புகிறவர்கள்தான் பாவம்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ். மகன் திருப்பூரில். மருமகளுக்கு கைக்குழந்தை. சமூகப் பணியாளர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். கழிவறை எத்தனை அடி தூரம், படி எத்தனை, சமைப்பது யார், எந்த மாத்திரை எப்போது என்று எழுதிக்கொள்வார்.

பிறகு மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸ் கவனிப்பும் உண்டு. பாட்டி பெயர் அந்தப் பட்டியலில் ஏறியதா என்று விடாமல் கேட்பதும் அவர் பொறுப்பு.

மருமகளையும் அவர் உட்கார வைத்துப் பேசுவார். மருமகளை வில்லி ஆக்குவது டி.வி. சீரியலுக்கு சரி. ராத்திரி முழுக்க விழித்து மலம், மூத்திரம் அள்ளுகிறவளுக்கு வாரத்தில் அரை நாள் ஓய்வு கிடைக்கவில்லை என்றால் பாட்டி கதியும் மோசம்தான்.

மாதம் 10 ஆயிரம் வரை

2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தன் வருமானத்தில் பிழைக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான தீர்ப்பாயம் கோட்டாட்சியர் அல்லது சப்-கலெக்டர். விருத்தாசலத்திலேயே ஆபீஸ் இருக்கிறது. நோட்டீஸ் போன 90 நாளில் முடிக்க வேண்டும், விசேஷ காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். பிள்ளை இல்லாதவர்கள், சொத்துக்கு வாரிசாகும் உறவினர் மீது மனு போடலாம்.

எழுதத் தெரியாதவருக்காக வேறொருவரோ ஒரு அமைப்போ மனு கொடுக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலர்தான் பராமரிப்பு அலுவலர். பெரியவர் விரும்பினால் அவர் சார்பில் பேசுவார். முதலில் சமரசப் பேச்சு நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. பாதி பேர் மனு கொடுக்கவே தயங்குவது "பெத்த பிள்ளையை ஆபீஸுக்கு இழுக்கணுமா" என்றுதான். அங்கேதான் சமூகப் பணியாளரின் பேச்சுக்கு வேலை.

வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு திண்ணையில் படுப்பவர்களுக்கும் வழி உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம். மத்தியப்பிரதேச தாய் ஒருவர் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்து, சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. எழுதும்போதே "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற வரியை பத்திரத்தில் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

காப்பகம்... உஷார்!

வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் காப்பகம் தேடுகிறவர்கள், பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் நடந்ததை மறக்கக்கூடாது. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். அனுமதி இல்லாமல் நடந்த அந்த ஆசிரமத்தில் இருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். பதிவுச் சான்று இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, சொல்லாமல் போனாலும் உள்ளே விடுகிறார்களா என்று பார்ப்பது அவசியம். சேர்த்ததோடு கைகழுவாமல் மாதா மாதம் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

போன் போட்டால் போதும்

முதியோருக்கென்றே சமூகப் பணியாளர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, அதுதான் பெரிய குறை. அவசரத்துக்கு 14567 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். ஆதரவின்றி கிடக்கும் முதியவர் பற்றி அக்கம்பக்கத்தாரும் சொல்லலாம்.

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மனு எதுவானாலும் ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் முகவரி, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளவும். மனு எண் போட்ட ரசீது வாங்காமல் ஆபீஸை விட்டு வெளியே வராதீங்க.