பாலாடைக்கட்டியும் நீராகாரமும்

'இத்தாலியச் சமையல்' என்று ஒன்று ஆதியிலிருந்தே இருப்பதுபோலப் பேசுகிறோம். பாலாடைக்கட்டி அதன் அடையாளமாகிவிட்டது. அதைச் செய்தவர் யார், தின்றவர் யார் என்று கேட்டால் இந்த 'மரபு' அவ்வளவு ஒற்றையானதாக இல்லை.

சார்டீனியாவை எடுத்துக்கொள்வோம். கிராம்ஷி 1891இல் பிறந்த தீவு. 'பெக்கொரினோ ரொமானோ' என்ற செம்மறியாட்டுப் பால்கட்டியின் பெயரில் ரோம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானிய வியாபாரிகள் தீவில் பட்டறை போட்டபின், பெரும்பகுதி உற்பத்தி அங்கேதான். பால் மேய்ப்பனுடையது, பெயர் தலைநகரத்தினுடையது. தெற்கு பற்றி கிராம்ஷி 1926இல் எழுதிய கட்டுரையை இந்தக் கட்டியை வைத்தும் வாசிக்கலாம்.

ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் பாலை உறைய வைத்து, உப்பிட்டு, மாதக்கணக்கில் முற்ற விடுவார்கள். அது விலைக்குப் போகும் சரக்கு. மிஞ்சிய தண்ணியை மறுபடி காய்ச்சினால் திரள்வது ரிக்கொட்டா. சொல்லின் பொருளே 'மறுபடி வெந்தது'தான். தென்னித்தாலிய ஏழை வீடுகளில் கட்டிக்குப் பதிலாகக் காய்ந்த ரொட்டியை உதிர்த்து, எண்ணெயில் வறுத்துத் தூவிக்கொண்டார்கள்.

நம்ம கதையும் ரொம்ப தூரத்தில் இல்லை. கட்டியை முற்ற வைக்கும் குளிர்ச்சி இந்த வெயிலில் ஏது? தயிராக்கிக் கடைந்தோம். நெய் விலைக்குப் போயிற்று, மோர் வீட்டில் தங்கியது. சுண்டக் காய்ச்சிய பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் பெயர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான். பால் கறந்த கை அதில் தெரியாது. எங்க செல்லூர்ப் பக்கம் தறியிலும் பாத்திரப் பட்டறையிலும் வேலை செய்தவர்களின் காலைச் சாப்பாடு பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். அதை யாரும் மரபு என்று சொன்னதில்லை, பசிக்குச் சாப்பிட்டார்கள். இன்று நட்சத்திர ஓட்டலில் மண்சட்டியில் வைத்தால் மரபு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்மிஜானோவுக்குக் கன்றின் இரைப்பை நொதிதான் சேர்க்க வேண்டும் என்பது அங்கே விதி. இங்கே நுண்ணுயிர் நொதியில் செய்து, பச்சைப் புள்ளி குத்தி, 'சுத்த சைவ' பீட்சாவாக வருகிறது. அந்நிய உணவு நம் ஊருக்குள் நுழையச் சாதியிடம்தான் அனுமதி வாங்குகிறது. மாட்டுக்கறி தின்பவரின் சட்டிக்கு அந்த அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே 'பாரம்பரிய உணவு' என்று யாராவது மேடையில் பேசினால், ருசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்போம்: விற்றுப்போனது எது, வீட்டில் தங்கியது எது, சபைக்கு வராதது எது?