கிராணி மகன், ஆசிரியர், அதிபர்: தேவன் நாயரின் அரசியல் பயணம்

பீடோர், தாப்பா வட்டாரத்தில் ராக்கெட் சின்னத்தை அறியாத வாக்காளர் குறைவு. அந்தச் சின்னத்துக்குரிய ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) முதல் பொதுச்செயலாளர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதுதான் இளையோர் பலருக்குத் தெரியாது.

சி.வி. தேவன் நாயர் 1923-இல் மலாக்காவில் பிறந்தார். தலச்சேரியிலிருந்து வந்த அவர் தந்தை ரப்பர் தோட்டக் கிராணி. லயத்துப் பிள்ளை அல்ல, கிராணி வீட்டுப் பிள்ளை. அன்றைய தோட்டத்தில் இந்த இடைவெளி சிறியதல்ல.

குடும்பம் சிங்கப்பூருக்குக் குடிபெயர, அங்கேயே படித்து ஆசிரியரானார். ஆசிரியர் சங்கம் வழியே அரசியலுக்குள் வந்தார். 1951-இல் பிரிட்டிஷ் அரசு அவரைத் தடுத்து வைத்தது. 1954-இல் லீ குவான் இயூவுடன் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1955 தேர்தலில் தோல்வி, 1956-இல் மீண்டும் சிறை. 1959-இல் விடுதலையாகி, கல்வி அமைச்சில் அரசியல் செயலாளரானார். ஓராண்டில் அதை விட்டுவிட்டு மறுபடியும் பாடம் நடத்தப் போனார்! இன்றைய அரசியல்வாதிகளில் இதை யார் செய்வார்?

1964-இல் சிங்கப்பூர் மலேசியாவுக்குள் இருந்தது. தீபகற்பத்தில் போட்டியிட்ட மக்கள் செயல் கட்சி வென்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதி பங்சார். வென்றவர் தேவன் நாயர். அந்தப் பெயரே ஒரு ரப்பர் தோட்ட முதலாளிகளின் பெயர்களிலிருந்து வந்தது என்பர். அவரிடம் 808 வாக்குகளில் தோற்றவர், தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட்.

1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்தது. கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் அவர் தனி ஆளாக நின்றார். வேறு நாட்டுக் கட்சியாகிவிட்டதால் பழைய பெயரில் இங்கே இயங்க வழியில்லை. புதிய பெயரில் ஜசெக உருவாகி, 1966 மார்ச்சில் பதிவு பெற்றது. 1969 தேர்தலில் அது 13 நாடாளுமன்றத் தொகுதிகளை வென்றபோது, தேவன் நாயர் வேட்பாளராக இல்லை. சிங்கப்பூர் திரும்பித் தொழிற்சங்கப் பணியில் இறங்கினார்.

1981-இல் அந்நாட்டின் அதிபரானார். 1985-இல் பதவி விலகினார். குடிப்பழக்கமே காரணம் என்றது அரசாங்கம். பின்னாளில் அதை அவர் மறுத்தார். 2005-இல் கனடாவில் காலமானார்.

பங்சாரில் அவர் தோற்கடித்த டேவிட், பிறகு ஜசெகவில் சேர்ந்து நாடாளுமன்றம் சென்றார்.