மாத்திரைகளின் தரமும் மருந்தின் சமமான பரம்பலும்

வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையை விழுங்கும் நோயாளி எவரும், உறையில் குறிப்பிடப்பட்ட அளவு மருந்து அதில் உள்ளதா எனப் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. அது முற்றிலும் நம்பிக்கையின் பேரில் நடைபெறும் காரியமாகும். மருந்துகளின் தரம் பற்றிய பேச்சு எமது நாட்டில் எழும்போதெல்லாம் போலி மருந்துகளும் காலாவதியான மருந்துகளுமே பேசுபொருளாகின்றன. ஆனால், உண்மையான மருந்து சரியான மொத்த அளவில் சேர்க்கப்பட்ட போதிலும், அது ஒவ்வொரு மாத்திரையையும் ஒரே அளவில் சென்றடையாது போகலாம் என்பது பலரும் அறியாத விடயமாகும்.

500 மில்லிகிராம் பரசிட்டமோல் மாத்திரையின் பெரும்பகுதி மருந்தேயாகும். மாத்திரைகளின் எடை ஒத்திருந்தால் மருந்தின் அளவும் பெரும்பாலும் ஒத்திருக்கும். தைரொயிட் நோயாளிகள் உட்கொள்ளும் தைரொக்சின் அத்தகையதன்று. 100 மில்லிகிராம் எடையுள்ள மாத்திரையில் 50 மைக்ரோகிராம் தைரொக்சின் இருக்குமாயின், அது 2000 பங்கில் ஒரு பங்கு மட்டுமே. அத்தகைய ஒரு இலட்சம் மாத்திரைகளுக்குத் தேவையான 10 கிலோகிராம் தூளில் மருந்து 5 கிராம் மாத்திரமே. எஞ்சியவை லக்டோஸ், மாப்பொருள் போன்ற நிரப்பிகளாகும். அந்த 5 கிராமை ஒரு இலட்சம் பங்குகளாகச் சமமாகப் பகிர்வதே உற்பத்தியாளரின் முன்னுள்ள சவாலாகும்.

அதிக நேரம் கலக்கினால் போதும் என்று எண்ணுவது தவறாகும். சுளகில் அரிசியைப் புடைக்கும்போது குறுணல் தனியே ஒதுங்குவதை நாம் அறிவோம். பருமன் வேறுபட்ட துணிக்கைகள் அசைக்கப்படும்போது சிறியவை இடைவெளிகளின் ஊடாகக் கீழிறங்க, பெரியவை மேலே தங்குகின்றன. நன்கு கலந்த தூள்கூட கொள்கலனில் கொண்டுசெல்லப்படும்போதும் இயந்திரத்தினுள் கொட்டப்படும்போதும் மீண்டும் பிரிந்துவிடலாம். எனவேதான் மருந்து முதலில் நுண்ணியதாக அரைக்கப்பட்டு, தனக்குச் சமமான அளவு நிரப்பியுடன் கலக்கப்படுகின்றது. பின்னர் அக்கலவைக்குச் சமமான அளவு நிரப்பி மீண்டும் சேர்க்கப்பட்டு, படிப்படியாக இரட்டிப்பாக்கப்படுகின்றது.

அதனையடுத்து, கலந்த தூளைப் பசைக் கரைசலால் நனைத்து, அரிதட்டில் அரித்து, உலர்த்திச் சிறுமணிகளாக்குவர். ஒவ்வொரு சிறுமணியும் மருந்தையும் நிரப்பியையும் பிணைத்து வைத்திருப்பதால் அவை இலகுவில் பிரிவதில்லை. மாத்திரை இயந்திரம் தூளை நிறுத்து எடுப்பதில்லை; அச்சுக்குழியைக் கனவளவினாலேயே நிரப்புகின்றது. சிறுமணிகள் சீராக வழிந்தோடினாலேயே குழிகள் சமமாக நிரம்பும்.

ஆயினும் இங்கும் ஓர் ஆபத்து உண்டு. நீரில் கரையும் மருந்தாயின், உலரும்போது நீருடன் சேர்ந்து அது சிறுமணியின் மேற்பரப்பை நோக்கி நகர்கின்றது. பின்னர் சிறுமணிகள் உராய்ந்து உதிரும் நுண்தூளில் மருந்து செறிவாக இருக்கும். அத்தூள் வேறாகப் பிரியுமாயின் சில மாத்திரைகள் அதிக மருந்தையும் சில குறைந்த மருந்தையும் பெறும். உலர்த்தும் முறையும் வேகமும்கூட நோயாளியைப் பாதிக்கும் விடயங்களாவது இவ்வாறே.

இதனைக் கண்டறிவதில் சராசரிக் கணக்கு எம்மை ஏமாற்றிவிடக்கூடும். இருபது மாத்திரைகளை ஒன்றாக அரைத்துச் சோதித்தால், கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்து விடை சரியாகவே வரும். ஆனால் நோயாளி சராசரியை விழுங்குவதில்லை. ஒரு மாத்திரையையே விழுங்குகின்றார். ஆதலால் சிறிய அளவு மருந்தைக் கொண்ட மாத்திரைகளில் 10 மாத்திரைகளைத் தனித்தனியே சோதிக்க வேண்டுமென்றும், முடிவு திருப்தியளிக்காவிடின் மேலும் 20 மாத்திரைகளைச் சோதிக்க வேண்டுமென்றும் மருந்து நியம நூல்கள் விதிக்கின்றன. கலவையிலிருந்து பெறும் மாதிரிக்கும் இது பொருந்தும். பெரிய அகப்பையால் அள்ளிய மாதிரி ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும். 1993 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பார் லபோரட்டரீஸ் வழக்கில் தீர்ப்பளித்த நீதிமன்றம், மாதிரியின் பொருத்தமான அளவு ஒரு மாத்திரையளவின் மூன்று மடங்கு எனக் குறிப்பிட்டது இக்காரணம் பற்றியேயாகும்.

இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கமன்று. இதய நோயாளிகளுக்கு வழங்கப்படும் டிஜொக்சினில் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரினில் அளவு கூடினால் குருதிப்பெருக்கும், குறைந்தால் குருதிக்கட்டியும் ஏற்படலாம்.

பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியினால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது, வணிகப் பெயரை நம்பாது குறைந்த விலையில் நல்ல மருந்தை மக்களுக்கு வழங்கவேயாகும். அக்கொள்கை இன்றும் சரியானதே. மலிவான மருந்து தரங்குறைந்தது என்பதோ, விலையுயர்ந்தது தரமானது என்பதோ நியாயமன்று. தரத்தைத் தீர்மானிப்பது தொழிற்சாலையின் ஒழுக்கமும் அதனைக் கண்காணிக்கும் நிறுவனத்தின் விழிப்புமேயாகும். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பு இங்கே பெரிதாகும். 2023 இல் தரங்குறைந்த இம்யூனோகுளோபியூலின் விவகாரம் வெளிவந்த பின்னர் குலைந்துபோன பொதுமக்களின் நம்பிக்கை, வெறும் அறிக்கைகளால் மீளப்போவதில்லை.

பல்லாயிரம் மாத்திரைகளில் பத்தினைச் சோதிப்பது ஒரு சரிபார்ப்பே அன்றித் தரத்தை உருவாக்கும் வழியன்று. எனவே, கலவையின் சீர்மையை உறுதிப்படுத்தும் உற்பத்திப் பதிவுகள் பதிவுக்கு முன்னரும் பின்னரும் பரிசீலிக்கப்பட வேண்டும்; ஆய்வுகூடங்களுக்குப் போதிய ஆளணியும் கருவிகளும் வழங்கப்பட வேண்டும்; மீளப்பெறப்படும் தொகுதிகளின் விபரங்கள் தமிழிலும் உடனுக்குடன் மக்களைச் சென்றடைய வேண்டும்.

மக்களும் சந்தேகத்தின் பேரில் மருந்தைத் தாமாகவே நிறுத்தலாகாது. நடுவே கோடு இடப்படாத மாத்திரையை வைத்தியரையோ மருந்தாளரையோ கேளாது உடைத்து உட்கொள்வதும் தவிர்க்கப்பட வேண்டும். மருந்தின் விலையில் காட்டும் அக்கறையை, அம்மருந்து ஒவ்வொரு மாத்திரையிலும் சமமாக உள்ளதா என்பதிலும் காட்டுவது உரிய தரப்பினரின் கடமை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.