சில கதவுகள் மட்டும் திறவாதது ஏன்?

"உங்கள் வீட்டில் இன்டர்நெட் வேலை செய்கிறதா?" என்று கேட்டால், "செய்கிறது" என்றோ "செய்யவில்லை" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டுங்கெட்டான் நிலை ஒன்று உண்டு என்பது அநுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். பத்திரிகை வருகிறது, பாட்டு வருகிறது, ஊரார் கலியாணப் படங்களெல்லாம் வருகின்றன. நமக்கு அவசியமாக வேண்டியிருக்கும் அந்த ஒரு தளம் மட்டும் வர மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது. அடியோடு கெட்டுப்போன யந்திரத்தைப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிடலாம். பாதி கெட்ட யந்திரத்தை என்ன செய்வது?

2021-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் வாரத்தில் இந்தச் சங்கடம் நம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. நம்மிடம் படித்த மாணாக்கி ஒருத்தி தன் தகப்பனாருடன் மாலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றாள். தகப்பனார் தையல் வேலை செய்பவர். ஒரு தர்ம ஸ்தாபனம் கல்லூரி மாணவர்களுக்கு அளிக்கும் உபகாரச் சம்பளத்துக்கு அவள் விண்ணப்பம் செய்ய வேண்டும். அன்று இரவு பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது. வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், பாங்குப் புஸ்தகத்தின் முதற் பக்கம் எல்லாவற்றையும் படம் பிடித்துத் தயாராக வைத்திருந்தாள். விண்ணப்பம் பல பக்கங்கள் கொண்டது. கைப்பேசியின் சிறு திரையில் அதைப் பூர்த்தி செய்ய அவள் இரண்டு முறை முயன்று தோற்றுப் போயிருந்தாள். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது நம்மிடம் விட்டுச் சென்ற பழைய மடிக்கணினியை நம்பித்தான் இருவரும் வந்தார்கள்.

கணினியைத் திறந்தோம். பத்திரிகைத் தளம் வந்தது. பாங்கின் தளமும் வந்தது. ஸ்தாபனத்தின் தளத்துக்குப் போனால், "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கை திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஸார், கீழே ஒரு வழி இருக்கிறதே! ஆபத்து இருந்தாலும் தொடர்கிறேன் என்று அழுத்தினால் திறந்துவிடும். என் சிநேகிதிகளெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றாள் அந்தப் பெண்.

"கொஞ்சம் பொறு, அம்மா. முதலில் பூட்டு ஏன் திறக்கவில்லை என்று பார்ப்போம். கதவை உடைப்பது அப்புறம்" என்றோம்.

கோளாறு நிற்கும் நாலு இடங்கள்

ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போகிறோம். அவரைப் பார்க்க முடியாமல் திரும்புகிறோம். இதற்கு நாலு காரணங்கள்தான் இருக்க முடியும். அவர் வீடு பூட்டியிருக்கலாம். வழியில் பாலம் இடிந்திருக்கலாம். நம்மிடம் உள்ள விலாசம் தவறாயிருக்கலாம். அல்லது புறப்படும்போதே நம் வீட்டார் நம்மைத் தடுத்து நிறுத்தியிருக்கலாம். இணையதள விஷயமும் இவ்வளவுதான். தளம், வழி, விலாசம், நம் யந்திரம் ஆகிய நாலில் எங்கே கோளாறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இது தெரியாமல் பொத்தான்களையெல்லாம் அழுத்திப் பார்ப்பதால்தான் ஒரு கோளாறு மூன்றாகிறது.

முதற் கேள்வி: அந்தத் தளம் மற்றவர்களுக்கு வருகிறதா? அதே வாரத்தில், அக்டோபர் 4-ந் தேதி இரவு, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் மறைந்து போயின. அந்தக் கம்பெனியின் உள் வலையமைப்பைப் பராமரிக்கையில் இடப்பட்ட ஒரு கட்டளை தவறிப்போய், அதன் யந்திரங்களுக்குச் செல்லும் வழிகளையே அறுத்துவிட்டது. அன்றிரவு தங்கள் வீட்டுக் கருவிகளை அணைத்து அணைத்து ஏற்றியவர்களின் உழைப்பெல்லாம் வீண்தான். வீட்டுக்காரரே வீட்டைப் பூட்டிக்கொண்டால் விருந்தாளி என்ன செய்ய முடியும்? காத்திருப்பதே மருந்து.

நம் மாணாக்கியின் கைப்பேசியில் ஸ்தாபனத்தின் தளம் ஒரு நொடியில் வந்தது. ஆகவே வீடு திறந்தே இருந்தது.

இரண்டாவது கேள்வி வழியைப் பற்றியது. கைப்பேசியைத் தன் சொந்த இணைப்பிலிருந்து விலக்கி, நம் வீட்டு வை-பையில் சேர்த்துப் பார்த்தோம். அப்போதும் தளம் வந்தது. அதே கம்பி, அதே ரௌட்டர். கைப்பேசிக்கு வருவது கணினிக்கு வரவில்லை. ஆகவே வழியிலும் குற்றமில்லை. வை-பையில் வராமல் சொந்த இணைப்பில் மட்டும் வந்திருந்தால், ரௌட்டரையோ இணைப்புத் தரும் கம்பெனியையோ சந்தேகித்திருப்போம்.

மூன்றாவது, விலாசம். நாம் எழுத்தில் தளத்தின் பெயரை இடுகிறோம். யந்திரங்களோ எண்களால்தான் ஒன்றையொன்று அறிகின்றன. ஆதியில் எல்லாப் பெயர்களும் எண்களும் கொண்ட ஒரே பட்டியலைக் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் வைத்துப் பராமரித்தார்கள். பட்டியல் தாங்காமல் போகவே, 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர், விலாசங்களைப் பல யந்திரங்களில் பங்கிட்டு வைக்கும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டை வகுத்தார். கணினி தான் கேட்டறிந்த விலாசத்தைச் சிறிது காலம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். தளம் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் பழைய வீட்டுக்கே போய்த் தட்டிக்கொண்டிருப்பதுண்டு. தளத்தின் விலாசம் கிடைக்கவில்லை என்று திரை சொன்னால் இதைக் கவனிக்க வேண்டும். கணினியை ஒரு முறை அணைத்து ஏற்றுவதே பெரும்பாலும் போதும். போதாவிட்டால், இணைப்பின் அமைப்புகளில் டி.என்.எஸ். என்ற இடத்தில், கூகிள் நடத்தும் 8.8.8.8 அல்லது கிளவுட்பிளேர் நடத்தும் 1.1.1.1 என்ற பொது விலாச நிலையங்களில் ஒன்றைக் குறித்துப் பார்க்கலாம்.

நம் திரையோ விலாசத்தைப் பற்றி முறையிடவில்லை. பாதுகாப்பைப் பற்றித்தான் முறையிட்டது. ஆகவே நாலாவது இடமான நம் யந்திரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

நம் வீட்டுக் காவற்காரன்

உலாவி என்ற பிரௌஸர் வெறும் ஜன்னலன்று, காவற்காரனுங்கூட. அவன் ஞாபகத்தில் பழைய துணுக்குகள் தேங்கினாலும், நாம் சேர்த்து வைத்த விளம்பரத் தடுப்பான் போன்ற துணைக் கருவிகள் குறுக்கிட்டாலும், சில தளங்கள் மட்டும் வராமல் போகும். இதற்குச் சுலபமான பரீட்சை, அந்தரங்க ஜன்னல் ஒன்றைத் திறந்து பார்ப்பது. அதில் தளம் வந்தால் குற்றம் துணுக்குகளிலோ துணைக் கருவிகளிலோதான். நமக்கு அதிலும் வரவில்லை.

அடுத்து, தேதி. கணினியின் கடிகாரம் தவறினால் பாதுகாப்பான தளங்கள் பலவும் அடைபட்டுப் போகும். மேஜைக் கணினிக்குள் இருக்கும் காசு போன்ற சிறு பாட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னே போய்விடும். இன்று எழுதிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று காவற்காரன் எண்ணிக்கொள்வான். நம் கணினியில் தேதியும் மணியும் சரியாகவே இருந்தன.

எச்சரிக்கையை விரித்துப் பார்த்ததில், காலாவதியான சான்றிதழ் என்ற செய்தி தெரிந்தது. மர்மம் அங்கேதான் இருந்தது.

பூட்டு அடையாளம் கொண்ட ஒவ்வொரு தளமும் தன் பெயருக்கு ஒரு சான்றிதழ் காட்ட வேண்டும். அதற்கு ஒரு நிலையத்தார் சாட்சி; அவர்களுக்கு மேலே ஒரு மூலச் சாட்சி. மூலச் சாட்சிகள் யார் யார் என்ற ஜாபிதா நம் கணினிக்குள்ளேயே இருக்கிறது. 2015-இன் இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற ஸ்தாபனம் சான்றிதழ்களை எல்லோருக்கும் இலவசமாகவே வழங்கத் தொடங்கிற்று. பணம் படைத்தவர்களுக்கே எட்டிய பூட்டு எளிய ஸ்தாபனங்களுக்கும் கிடைத்தது. ஆனால் புதிய சாட்சியின் பெயர் பழைய யந்திரங்களின் ஜாபிதாவில் ஏது? ஆகையால் எல்லா யந்திரங்களும் அறிந்த ஒரு பழைய மூலச் சாட்சி அதற்கு ஜாமீன் நின்றது. அந்தப் பழைய சாட்சிப் பத்திரம் 2000-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி பிறந்தது. 2021 செப்டம்பர் 30-ந் தேதி ஆயுள் முடிந்தது.

புதிய யந்திரங்கள் இதை உணரவே இல்லை. புதிய சாட்சியின் பெயர் அவற்றின் ஜாபிதாவில் முன்பே ஏறியிருந்தது. நம் மடிக்கணினியின் இயக்கு மென்பொருளோ 2015-ஆம் வருஷத்தோடு நின்று போனது. ஜாமீன்தாரர் மறைந்ததும், இலவசச் சான்றிதழ் வைத்திருந்த தளங்கள் அதற்கு அந்நியமாகிவிட்டன. வேறு நிலையங்களில் சான்றிதழ் பெற்ற பத்திரிகையும் பாங்கும் வழக்கம்போல் வந்தன. சில கதவுகள் மட்டும் திறவாத ரகசியம் இதுவே.

பரிகாரமும் அதிலேயே அடங்கியிருந்தது. கணினியின் ஜாபிதாவை நம்பாமல் தன் சொந்த ஜாபிதாவைக் கையோடு கொண்டுவரும் உலாவி பயர்பாக்ஸ். பழைய யந்திரங்களுக்கென அப்போது கிடைத்துவந்த அதன் பதிப்பை, மோஸில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவினோம். ஸ்தாபனத்தின் பக்கம் பளிச்சென்று வந்தது. மணி ஒன்பதேகால். பத்தரைக்கு விண்ணப்பத்தின் எண் திரையில் தோன்றியபோது, அதுவரை வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த தகப்பனார் அதைத் தம் பையிலிருந்த அளவுச் சீட்டில் பென்ஸிலால் எழுதிக்கொண்டார்.

கதவை உடைத்திருந்தால்?

"நான் சொன்னபடி அழுத்தியிருந்தாலும் இதே பக்கந்தானே ஸார் வந்திருக்கும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அன்றைக்கு வந்திருக்கும். ஆனால் அழுத்தும்போது நமக்கு அது தெரியாது. வயோதிகத்தால் மறதி வந்த காவற்காரனும், உண்மையான திருடனைக் கண்டு கூவும் காவற்காரனும் திரையில் ஒரே குரலில்தான் பேசுகிறார்கள். அவள் எழுதவிருந்தவை ஆதார் எண்ணும், தகப்பனாரின் பாங்குக் கணக்கும். சமையற் குறிப்பு படிக்கும் பக்கமானால் ஒருவேளை துணியலாம். கணக்கு எண்ணும் கடவுச் சொல்லும் கேட்கும் பக்கத்தில் ஒருபோதும் துணியலாகாது.

இந்தச் சம்பவத்தில் ஒரு விஷயம் நம் மனத்தை உறுத்தியது. பழைய யந்திரத்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் யார்? பெரும்பாலும் வேறு யந்திரம் வாங்க வசதியில்லாதவர்களே. உபகாரச் சம்பளம் அவசியமானவர்கள் எவரோ, அவர்கள் முகத்தில்தான் உபகாரச் சம்பளத்தின் கதவும் முதலில் சாத்தப்படுகிறது. ஆகையால் பள்ளிகளிலும் வாசகசாலைகளிலும் பழைய கணினிகளைப் பராமரிப்பவர்கள், பெறக்கூடிய கடைசிப் புதுப்பித்தல் வரை அவற்றுக்குத் தவறாமல் அளித்து, தானே ஜாபிதா கொண்டுவரும் உலாவி ஒன்றையும் நிறுவி வைப்பது பெரிய உபகாரம்.

அந்தப் பெண்ணுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. விடுமுறைக்கு ஊர் வந்தவள், நம் பள்ளிக் கணினி அறையின் சுவரில் ஒரு காகிதம் ஒட்டிச் சென்றாள். "மற்றவர்களுக்கு வருகிறதா? வேறு இணைப்பில் வருகிறதா? விலாசம் சரியா? தேதியும் உலாவியும் சரியா?" என்று வரிசையாக நாலு கேள்விகள். அதன் அடியில், "இவற்றைக் கேட்கும் வரை எதையும் அழுத்தாதே" என்று சிவப்பு மசியில் எழுதியிருந்தாள்.