குத்தகைக்குள் பிறந்த ஊர்

திருநெல்வேலி மாவட்டத்தில் மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறினால் முதலில் வருவது மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியாகக் குதிரைவெட்டி. ஆயிரம் மீட்டருக்கு மேல், மழைக்காட்டுக்கு நடுவே தேயிலைத் தோட்டங்களும் அவற்றை ஒட்டி லைன் வீடுகளும். பள்ளிக்கூடம், தபால் அலுவலகம், ரேஷன் கடை, கோயில், சர்ச், டீக்கடை, அரசுப் பேருந்து எல்லாம் அங்கே இருந்தன. மணிமுத்தாறு பேரூராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டார்கள். ஒரு ஊருக்கு வேண்டியதெல்லாம் இருந்தும், சட்டத்தின் கணக்கில் மாஞ்சோலை ஊராக இருந்ததே இல்லை. 2024 ஜூனில் தோட்டத்தை நடத்திவந்த பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் வேலையை நிறுத்தி, தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கியபோது எழுந்த விவாதம் பெரும்பாலும் ‘காடா, தேயிலையா’ என்றே ஓடியது. காடுதான் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மலையை விட்டு இறங்குகிறவர்கள் வேலை முடிந்த கூலிகளாக இறங்குகிறார்களா, ஊரை விட்டுக்கொடுத்த குடிகளாக இறங்குகிறார்களா என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவர்களுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

காகிதங்களின் வரலாற்றைப் பார்த்தாலே இது புரியும். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் மலையில் 8,373 ஏக்கர் சொச்சத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்த கம்பெனி 1863-இல் தொடங்கப்பட்டு, பர்மாத் தேக்கில் பெரிய ஆளானது. காட்டை வெட்டித் தேயிலை வைக்க ஆள் தேவைப்பட்டது. கீழே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்து ஏற்றினார்கள். ஏறியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கீழே சொந்த நிலம் இல்லாததால்தான் ஏறினார்கள். ஏறிய பிறகு நிலம் வாங்கும் வழியும் அடைபட்டது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1952-இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசு வசமானது. நிலத்துக்காரர் மாறினாரே தவிர, குத்தகைக்காரர் மாறவில்லை. சுற்றியிருந்த காட்டில் 1962-இல் முண்டந்துறைப் புலிகள் சரணாலயமும் 1976-இல் களக்காடு சரணாலயமும் வந்தன. 1988-இல் இரண்டும் சேர்ந்து களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயின. 2018-இல் குத்தகை நிலமும் காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஜமீன், கம்பெனி, வருவாய்த்துறை, வனத்துறை என்று ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் இந்த மலைக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மலையில் குடியிருந்தவர்கள் இந்த ஆவணங்களில் எதிலும் ஒரு தரப்பாக இல்லை. குத்தகை 2028 பிப்ரவரியில் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த நாளில் அங்கே குடியிருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்ற கணக்கை 1929-இலும் யாரும் போடவில்லை, 1952-இலும் போடவில்லை.

லைன் வீடு என்பது என்ன என்று தெரியாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. நீளமாக ஒரே கூரை, நடுநடுவே சுவர், சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்தில் யாராவது இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கெடும். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைத் தருவது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம். ஆனால் அதே சட்டம் வீட்டை வேலையோடு சேர்த்துக் கட்டிவிட்டது. கூலி பேச உட்காரும் ஒவ்வொரு முறையும் வீடு, விறகு, ஆஸ்பத்திரி எல்லாம் சலுகைக் கணக்கில் வரும். கையில் தரும் காசு அதற்கேற்பக் குறையும். தோட்டங்களில் அம்மா ஓய்வு பெறும் முன்னால் மகனோ மருமகளோ பேர் பதிந்துகொண்டால்தான் அந்த வீடு குடும்பத்திடம் நிற்கும். படித்து மேலே வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் கூடையைத் தூக்கியதற்கு வறுமை பாதிக் காரணம் என்றால், கூரையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் மீதிப் பாதி. இப்படி நாலு தலைமுறை ஓடியது. கூலியில் ஒரு பகுதியை வீடாகவே வாங்கிக்கொண்டு வாழ்ந்தவர்கள், கடைசி நாளில் அந்த வீட்டில் ஒரு செங்கலுக்கும் உரிமை இல்லாதவர்கள் ஆனார்கள்.

அவர்கள் உரிமை கேட்காமல் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கூலி உயர்வுக்கான போராட்டத்தில் நூற்றுக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது, அறிக்கை வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் பூத்தூவக் கட்சிகள் வரிசையில் நிற்கின்றன. தினக்கூலியில் சில ரூபாய்க்காக இத்தனை விலை கொடுத்தவர்கள், வீட்டுக்காகவும் நிலத்துக்காகவும் ஏன் அப்போதே போராடவில்லை என்று கேட்பது, கொடுத்த விலையைக் கவனிக்காமல் கேட்கும் கேள்வி.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, பலரும் எளிதாகச் சொல்வது: இது கம்பெனி குவார்ட்டர்ஸ், ரயில்வே ஊழியர் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதில்லையா? செய்கிறார். ஆனால் ரயில்வே ஊழியருக்குப் பென்ஷன் இருக்கிறது, வீட்டுக்கடன் வாங்கும் அளவுக்குச் சம்பளம் இருந்தது, திரும்பிப் போகச் சொந்த ஊர் இருக்கிறது. முக்கியமாக, அவருடைய தாத்தாவும் அதே குவார்ட்டர்ஸில் பிறந்திருக்கமாட்டார். மாஞ்சோலையில் விருப்ப ஓய்வுத் தொகையின் ஒரு பகுதி கையெழுத்துப் போடும்போது, மிச்சம் வீட்டைக் காலி செய்த பிறகு என்று திட்டம் வகுக்கப்பட்டது. வேலைக்கான கடைசிக் கணக்கை வீட்டுச் சாவியோடு முடிச்சுப் போட்ட இந்த ஏற்பாடு ‘விருப்பம்’ என்ற பெயருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு இது பொருந்தியது. வேலைப் பட்டியலில் பெயரில்லாத ஆனால் அங்கேயே வாழ்ந்தவர்கள், அதாவது ஓய்வு பெற்ற முதியவர்கள், வேறு வேலை பார்த்த பிள்ளைகள், விதவைகள், இவர்களுக்குத் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. கம்பெனி தன் தொழிலாளிக்குத்தான் கணக்கு முடிக்கும். ஊருக்குக் கணக்கு முடிப்பது கம்பெனியின் வேலையும் அல்ல. அந்த வேலை அரசாங்கத்தினுடையது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. மணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறந்து தாமிரபரணியில் சேர்கிறது. கீழே நெல்லும் குடிநீரும் இந்த நீரை நம்பியிருக்கின்றன. சோலைமந்திக்கும் யானைக்கும் புலிக்கும் தொடர்ச்சியான காடு வேண்டும். நடுவில் ஒரே செடி நட்ட பல ஆயிரம் ஏக்கர் இருப்பது நல்லதல்ல. இதில் எனக்கு மாறுபாடு இல்லை. 2023-இல் கம்பம் பக்கத்தில் பிடித்து இந்த மலைக்குக் கொண்டுவந்து விட்ட அரிக்கொம்பன் யானை சில மாதங்களில் நாலுமுக்குத் தேயிலைக்குள் வந்து நின்றதே, யானைக்கு அங்கே எல்லை எதுவும் தெரியவில்லை என்பதற்குச் சாட்சி. (ஒரு யானையை இடம் மாற்ற எத்தனை மருத்துவர்கள், எத்தனை கும்கிகள், கழுத்தில் ரேடியோ காலர் என்று அரசு எடுத்த அக்கறையைக் குறைசொல்லவில்லை, அதே அக்கறையை மனிதர்களை இடம் மாற்றுவதிலும் எதிர்பார்க்கிறேன்.) ஆனால் ஆளை இறக்கிவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். தேயிலை இயல்பில் மரம். இடுப்பளவுக்கு நிற்பது கவ்வாத்து வெட்டுவதால்தான். கவ்வாத்தும் கொழுந்துப் பறிப்பும் நின்றால் அது ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து, அடர்ந்த தேயிலைப் புதராக நெடுங்காலம் நிற்கும். உண்ணிச்செடியும் கூடச் சேரும். அதை அகற்றிச் சோலை மரங்களின் கன்று வளர்த்து நடுவது ஆண்டுக்கணக்கான வேலை. எந்தச் சரிவில் மண் சரியும், எந்த ஓடை எப்போது வற்றும் என்று தெரிந்த கைகள் அந்த மலையில் ஏற்கெனவே இருந்தன. மீட்டெடுப்புப் பணிக்கு அவர்களை எடுத்திருந்தால் காட்டுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

மூன்றாவது, சட்டம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடிகளோடு ‘பிற மரபுவழி வனவாசி’களையும் ஏற்கிறது. ஆனால் அவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் குடியிருந்திருக்க வேண்டும். பிழைப்புக்குக் காட்டை நம்பியிருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 டிசம்பர் வருகிறது. 1929 குத்தகைக்குப் பின் முதல் கூட்டத்தில் ஏறியவரின் பேத்திக்கு உரிமை உண்டு, 1931-இல் ஏறியவரின் பேரனுக்குக் கிடையாது என்ற நிலை. அதையும் தாண்டினால், தேயிலைக் கூலி வாங்கியவர் காட்டை நம்பிப் பிழைத்தவரா என்ற கேள்வி நிற்கிறது. சட்ட எழுத்தின்படி மாஞ்சோலைக்காரர்கள் இதில் வெல்வது கடினம் என்றே நினைக்கிறேன். வென்றுவிடுவார்கள் என்று நம்பிக்கை கொடுத்தவர்கள் அவர்களுக்கு நன்மை செய்யவில்லை. அவர்கள் எந்தச் சட்டத்தின் வரையறைக்குள்ளும் பொருந்தவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. தொழிலாளர் சட்டம் அவர்களைக் கம்பெனியின் ஆட்களாகப் பார்த்தது. வனச்சட்டமோ அவர்களைக் குத்தகையோடு ஒட்டிவந்த, குத்தகை போனால் தானாக உதிரும் ஒன்றாகப் பார்த்தது.

இதற்கு நேர் மாறான ஒரு உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தில், பவானிசாகருக்கு அப்பால் மாயாற்றைக் கடந்துபோனால் வரும் தெங்குமரஹாடா. அதுவும் காட்டுக்குள் இருக்கும் ஊர். அதுவும் குத்தகை நிலம். 1948-இல் உணவு உற்பத்தியைப் பெருக்க ஒரு கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்கு வனநிலத்தைக் கொடுத்துக் குடியேற்றினார்கள். புலிகளுக்காக அந்த ஊரை இடம்பெயர்க்கும் பேச்சு வந்தபோது, குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு மேசைக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்ற பக்கம் நின்றது. ஏன்? அங்கே குத்தகைதாரர் மக்களே. மாஞ்சோலையில் குத்தகைதாரர் கம்பெனி. தெங்குமரஹாடாக்காரர்களைவிடச் சுமார் இருபது ஆண்டு முன்னால் காட்டுக்குள் போன மாஞ்சோலைக்காரர்கள், வேறொருவர் பெயரிலுள்ள குத்தகையில் வாழ்ந்தார்கள் என்ற ஒரே காரணத்தால் ஊராகக் கணக்கில் வரவில்லை. இரண்டு இடமும் எல்லாவகையிலும் ஒன்று என்று சொல்லவில்லை. அங்கே பாடுபட்டவர் விளைச்சலுக்குச் சொந்தக்காரர், இங்கே இல்லை. ஆனால் சொந்தக்காரராக இல்லாமல் பாடுபட்டது ஈட்டைக் குறைக்கும் காரணமாவது எந்த ஊர் நியாயம்?

இந்த வழியில் போனால் வால்பாறையும் கூடலூரும் நாளை இதையே கேட்கும், அரசு கஜானா தாங்காது என்பார்கள். கேட்கத்தான் செய்யும். அதனால்தான் முதல் முறையே சரியாகச் செய்ய வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக இந்த மாநிலம் புதிதாகத் தேயிலை நட்டு, டேன்டீ என்ற நிறுவனத்தையே உண்டாக்கியது. வந்தவர்களைக் குடியேற்ற ஒரு தொழிலையே உருவாக்க முடிந்த அரசுக்கு, இறங்குகிறவர்களைக் குடியேற்ற முடியாது என்று நம்புவது கடினம். மாஞ்சோலையை அதே டேன்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்பது என் கருத்து. டேன்டீயே தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுத்துவரும் காலம் இது. அரசு தர முன்வந்தவற்றில் வீடும் கடனும் தொழிற்பயிற்சியும் உண்டு. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் ஏழைகளுக்கான பொதுத் திட்டங்களில் முன்னுரிமை என்ற உருவில்தான் அவை வந்தன. மனு கொடுத்து வாங்குவது வேறு, உரிமையாக வாங்குவது வேறு. திருநெல்வேலிக்கு வெளியே ரெட்டியார்பட்டியில் அடுக்குமாடி வீடு ஒருவருக்கு, மணிமுத்தாறில் இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கும்போது, ஒரு கூரையின் கீழ் நாலு தலைமுறை வாழ்ந்த அக்கம்பக்கம் கலைந்துபோகிறது. சாதியால் கீழே நிலமும் மதிப்பும் கிடைக்காமல் மலையேறியவர்களுக்கு அந்த அக்கம்பக்கம்தான் பாதுகாப்பு. கீழே தனித்தனியாக வாடகைக்கு வீடு தேடிப் போனால் ‘என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி வாசலிலேயே காத்திருக்கும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய புதுமையும் இல்லை. புலிகள் காப்பகங்களிலிருந்து ஊர்களை மாற்றுவதற்கான விதியில் குடும்பம் என்பதற்கு ஒரு வரையறை உண்டு: பதினெட்டு வயதான மகன் மணமானாலும் ஆகாவிட்டாலும் தனிக் குடும்பம், மணமாகாத பதினெட்டு வயது மகளும் தனிக் குடும்பம், விதவையும், மணமுறிவு பெற்ற பெண்ணும், மாற்றுத்திறனாளியும் அப்படியே. 2024 ஜூனில் தோட்டம் நின்ற நாளன்று அந்த மலையில் குடியிருந்த ஒவ்வொருவரையும் இந்த வரையறைப்படி எண்ணிப் பட்டியல் போடலாம். ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும் பள்ளிப் பதிவேடும் இருக்கும்போது அது சில வார வேலை. முப்பது ஆண்டு கொழுந்து பறித்து, ஓய்வுக்குப் பின் மகனுடைய லைன் வீட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்த ஒரு விதவைத் தாய், கம்பெனியின் விருப்ப ஓய்வுப் பட்டியலில் எங்கும் இல்லை. இந்தப் பட்டியலில் அவர் ஒரு குடும்பம். 15 லட்சம் ரூபாய்க்கும், எங்கே போவது என்று தானே சொல்வதற்கும் உரியவர்.