இங்கே ஓடியது, அங்கே ஓடவில்லை

திருக்கடையூரில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். கலச நீர் ஊற்றுவதிலிருந்து தாலி கட்டுவது வரை எல்லாவற்றையும் தம்பி மகன் தன் ஐபோனில் வீடியோ எடுக்கிறான். போனில் பளிச்சென்று தெரிகிறது. அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிடுகிறான். வீட்டுக்கு வந்த பெரியப்பா தன் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் அதைச் செருகிப் பார்க்கிறார். நாதஸ்வரம் கேட்கிறது, மந்திரம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. "வீடியோ கெட்டுப்போச்சு" என்று வீட்டில் முடிவாகிறது. அடுத்த வாரம் அதே பென் டிரைவில் வேறு எதையோ ஏற்றுவதற்காக உள்ளே இருந்ததை அழித்துவிடுகிறார்கள்.

ஊரையும் விசேஷத்தையும் மாற்றிக்கொண்டால் பல குடும்பங்களுக்குப் பொருந்துகிற கதை இது. இதில் மனதை வருத்துவது கடைசியில் நடந்த அழிப்புதான். அந்த வீடியோ கெடவே இல்லை. ஒலி ஒழுங்காகக் கேட்டதே கோப்பு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு நல்ல அடையாளம். படத்தை விரித்துக் காட்டும் வழி அந்த லேப்டாப்பில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு வீடியோ ஓடவில்லை என்றால், அது எப்படி ஓடாமல் நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஒலி வந்து படம் வரவில்லையா? படம் வந்து ஒலி வரவில்லையா? திறக்கவே மறுக்கிறதா? திறந்து, விட்டு விட்டு ஓடுகிறதா? இந்த நான்கும் வெவ்வேறு கோளாறுகள். நான்குக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் நேரம்தான் வீணாகும்.

எம்பி4, எம்ஓவி, எம்கேவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் வெளிப்பெட்டியின் பெயர். அஞ்சறைப் பெட்டி மாதிரி அதற்குள் படம் ஓர் அறையில், ஒலி ஓர் அறையில், சப்டைட்டில் இருந்தால் அது இன்னோர் அறையில் இருக்கும். பெட்டியை வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருப்பது சீரகமா சோம்பா என்று சொல்லிவிட முடியாது. 'இதுவும் எம்பி4, அதுவும் எம்பி4, அது ஓடுகிறது, இது ஏன் ஓடவில்லை?' என்று கேட்பவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

ஃபுல் எச்டி படத்தைச் சுருக்காமல் அப்படியே சேமித்தால் ஒரு நிமிடத்துக்கே சுமார் 11 ஜிபி ஆகும். எந்தப் போனும் தாங்காது. அதனால் கேமரா படம் பிடிக்கும்போதே சுருக்கிவிடுகிறது. சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எந்த முறையில் சுருக்கினார்களோ அந்த முறை தெரிந்த கணினியால்தான் விரிக்க முடியும். 2003-இல் வந்த எச்.264 என்ற முறை இன்று அநேகமாக எல்லாக் கருவிகளிலும் ஓடும். 2013-இல் அதன் வாரிசாக எச்.265 வந்தது, எச்இவிசி என்பதும் அதேதான். ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி இடத்தில் அடக்கிவிடும். ஆப்பிள் நிறுவனம் 2017-இல் ஐஓஎஸ் 11 வழியாக, ஐபோன் 7 முதலான போன்களில் இந்தப் புதிய முறைக்கு மாறியது. போனில் இடம் மிச்சமானது. ஆனால் அந்த வீடியோ போனை விட்டு வெளியே போகும்போது சிக்கல் தொடங்கியது.

எச்இவிசிக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அந்த உரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன. வசூலிப்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் இருக்கின்றன. அதனால் விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் இதை எல்லோருக்கும் இலவசமாகச் சேர்த்துத் தரவில்லை. தன் ஸ்டோரில் தனியாக, சிறு கட்டணத்துக்கு வைத்தது. லேப்டாப் தயாரித்தவரே முன்கூட்டிப் போட்டுக் கொடுத்திருந்தால் வீடியோ ஓடும், இல்லையென்றால் ஓடாது. ஒரே விண்டோஸ் இருக்கும் இரண்டு கணினிகளில் ஒன்றில் ஓடி மற்றதில் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய நிறுவனங்களுக்கு இடையிலான உரிமைக் கணக்கு ஒரு பெரியவர் தன் கல்யாண வீடியோவைப் பார்க்க முடியாமல் செய்வது நியாயமே இல்லை. 2015-இல் சில நிறுவனங்கள் கூடி அமைத்த கூட்டணி, உரிமைக் கட்டணம் கேட்காத ஏவி1 என்ற முறையை 2018-இல் வெளியிட்டதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் கைகொடுப்பது விஎல்சி என்ற வீடியோ பிளேயர். பிரான்ஸில் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சி அது. 2001 முதல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். தனக்குத் தேவையான கோடெக்குகளை அது தன்னோடு கொண்டுவருகிறது. விண்டோஸிடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. விஎல்சியில் வீடியோவைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதைச் சொடுக்கினால் படம் எந்த முறையில் இருக்கிறது, ஒலி எந்த முறையில் இருக்கிறது என்று எழுதியே காட்டும். ஊகம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

விஎல்சியை அதன் சொந்த வலைத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2022-இல் சில மாதங்கள் இந்தியாவில் அந்தத் தளம் முடக்கப்பட்டிருந்தது. விஎல்சி தரப்பு சட்ட அறிவிப்பு அனுப்பிய பிறகு அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்கும் பழக்கம் பிடித்துக்கொண்டவர்கள் இப்போதாவது அதை விட்டுவிட வேண்டும். 'இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கை நிறுவுங்கள்' என்று ஏதோ ஒரு தளம் நீட்டும் பொத்தானை ஒருபோதும் தொடாதீர்கள். ஸ்லாப் என்ற தீநிரல் 2005 வாக்கிலிருந்து வீடியோ கோடெக் வேடத்தில்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. அந்தத் தந்திரம் பழசானாலும் இன்னும் ஓயவில்லை.

விஎல்சியில் திறந்தும் படம் விட்டு விட்டு ஓடினால், அது கணினியின் வலுவைப் பொறுத்தது. எச்இவிசியை விரிக்கும் வேலைக்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருந்தால் படம் வழுக்கிக்கொண்டு போகும். இன்டெல்லில் 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையில்தான் அது முழுமையாக வந்தது. ஐபோன் 12 முதல் வரும் எச்டிஆர் வீடியோக்கள் 10-பிட் வகை. அதற்கு இன்னும் ஒரு தலைமுறை புதிய சிப் வேண்டும். பழைய கணினியில் 4கே வீடியோ திணறினால் அதை எச்.264-க்கு மாற்றிக் கொடுப்பதே வழி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோவை அதில் இழுத்துப் போட்டு, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் கொடுத்தால் புதிய எம்பி4 கோப்பு கிடைத்துவிடும். மூலக் கோப்பு அப்படியே இருக்கும்; அதை அழிக்க வேண்டாம், மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எம்கேவி என்று முடிவதை எம்பி4 என்று பெயர் மாற்றுவது மட்டும் மாற்றமே ஆகாது. உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும்.

படம் வந்து ஒலி வராத கோளாறு கணினியைவிட டிவியில்தான் அதிகம். டிடிஎஸ் போன்ற ஒலி முறைகளைப் பல டிவிகள் ஏற்பதில்லை. ஒலியை மட்டும் ஏஏசி என்ற ஒலி முறைக்கு மாற்றினால் தீர்ந்தது.

கோப்பு திறக்கவே மறுத்தால் நிலைமை வேறு. இங்கே கோடெக்கைச் சந்தேகப்படுவதற்கு முன் அளவைப் பாருங்கள். கோப்பின் மேல் வலது சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் எத்தனை பைட் என்று கடைசி இலக்கம் வரை காட்டும். அனுப்பியவரிடமும் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் கோப்பு முழுதாக வரவில்லை. எம்பி4 வகையில் ஒரு சங்கடம் இருக்கிறது. எந்தக் காட்சி கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று அதில் உண்டு. பதிவை நிறுத்தும்போதுதான் கேமரா அதை எழுதும், பெரும்பாலும் கோப்பின் கடைசியில். அதனால் ஒரு ஜிபி வீடியோவில் கடைசிச் சில எம்பி மட்டும் வராமல் போனாலும், வந்து சேர்ந்த மீதிப் படத்தைப் பார்க்க முடிவதில்லை. சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி கேமராக்களின் எம்டிஎஸ் கோப்புகள் சிறு சிறு பொட்டலங்களாக எழுதப்படுபவை. அவை பாதியில் அறுந்தாலும் அறுந்த இடம் வரைக்கும் ஓடும்.

பதிவு நடக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோன எம்பி4-க்கும் இதே கதிதான், அட்டவணை எழுதப்பட்டே இருக்காது. அப்படிப்பட்ட கோப்பையும் உடனே கைவிட வேண்டாம். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டவணையைத் திரும்பக் கட்டித்தரும் அன்ட்ரங்க் போன்ற கருவிகள் இருக்கின்றன. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. பலித்தால் போன சொத்து திரும்பக் கிடைத்த மாதிரிதான்.

பென் டிரைவும் தன் பங்குக்குத் தொல்லை தரும். 32 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி கல்யாண வீடியோவை ஏற்காமல் 'கோப்பு மிகப் பெரியது' என்று சொல்லும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது அந்த முறையின் வரம்பு. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் தீரும், ஆனால் ஃபார்மட் செய்யும்போது உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். சில பழைய டிவிகள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் முடிந்ததாகத் திரை சொன்ன மறுநொடியே டிரைவைப் பிடுங்குவதும் ஆபத்து. கணினி இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம், 'இஜெக்ட்' கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், மலிவு விலையில் 1 டிபி, 2 டிபி என்று விற்கும் போலி டிரைவுகள். உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகும் அவை கோப்புகளை வாங்கிக்கொள்ளும். பெயரும் அளவும் சரியாகவே தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. அளவை மட்டும் ஒப்பிட்டால் இது பிடிபடாது. டிரைவை ஒருமுறை கழற்றி மாட்டி, அதிலிருந்தே வீடியோவின் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வந்த கோப்பின் அளவு சில கேபி மட்டுமே என்றால் அது வீடியோவே இல்லை. டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை நகல் எடுத்திருப்பார்கள். அது அனுப்பியவரின் கணினியில் கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. பள்ளி ஆண்டுவிழாப் படங்களை மூவி மேக்கரில் தொகுத்த ஆசிரியர்கள் பலர், இரவெல்லாம் உழைத்துவிட்டு, 'சேவ் மூவி' கொடுக்காமல் 'சேவ் ப்ராஜெக்ட்' கோப்பை மட்டும் எடுத்துப்போய் விழா மேடையில் திணறியிருக்கிறார்கள். ப்ராஜெக்ட் கோப்பில் எந்தப் படத்தை எங்கே வெட்டினோம், எங்கே ஒட்டினோம் என்ற விவரம் மட்டும்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் மூவி மேக்கரை நிறுத்திவிட்டது; பிரீமியர் போன்ற இன்றைய மென்பொருள்களிலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. 'எக்ஸ்போர்ட்' செய்து கிடைப்பதுதான் வீடியோ.

இவ்வளவையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது சரியல்ல. அனுப்புகிறவருக்கு வேலை குறைவு. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதை விசேஷத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டால் வழக்கமான பதிவுகள் எச்.264-இல் பதிவாகும், ஏற்கெனவே எடுத்தவை மாறாது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இதற்கான அமைப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது வீடியோவைச் சுருக்கிவிடும். ஓடும், ஆனால் முகங்கள் மங்கும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் மாறாமல் போகும். கூகுள் டிரைவில் ஏற்றிய வீடியோவைத் திறந்ததும் 'இன்னும் தயாராகிறது' என்று வந்தால் பதற வேண்டாம், டவுன்லோட் செய்து விஎல்சியில் பாருங்கள்.

வீட்டு விசேஷத்துக்கு ஸ்டூடியோக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். முழு வீடியோவும் எச்.264 முறையில் எம்பி4 கோப்பாக வேண்டும். உங்கள் வீட்டுக் கணினியிலும் டிவியிலும் கடைசி வரை ஓட்டிப் பார்த்துச் சரி என்று நீங்கள் சொல்லும்வரை, அவர் தன் மெமரி கார்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் அழிக்கக் கூடாது.