உங்களுக்குத் தெரியுமா? வீட்டுத் தொட்டியில் பவளம்

● பவளம் ஒரு விலங்கு. செடி என்றே நம்பப்பட்டுவந்த அதை விலங்கு என்று 1720களில் எடுத்துச் சொன்னவர், பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் பெய்சொன்னெல். அன்றைய அறிஞர்கள் ஏற்க மறுத்தார்கள்.

● பல பவளங்களின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் பாசி தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. தொட்டிக்கு மேல் எரியும் விளக்குதான் அதற்குச் சோறு.

● தண்ணீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. சூடு ஏறி நீடித்தால் பாசி வெளியேறும், பவளம் வெளுத்துப்போகும். சென்னைக் கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் பவளம் வளர்ப்பது மிகக் கடினம்.

● தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத, சுத்திகரித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

● புதியவர்களுக்கு ஏற்றவை காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள். கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா லேசில் பிழைக்காது. எலும்புக்கூடு கட்ட அதற்குச் சுண்ணாம்புச் சத்து ஓயாமல் வேண்டும். லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● பவளங்கள் இடத்துக்காகச் சண்டை போடும். கேலக்ஸியா வகை, ஒரு சாண் நீளத்துக்கும் கொடுக்குக் கைகளை நீட்டி அண்டைப் பவளத்தைச் சுட்டுவிடும். இடைவெளி விட்டு வையுங்கள்.

● மீன் நோய்க்கான செம்பு கலந்த மருந்து பவளத்தைக் கொன்றுவிடும். நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

● பாலித்தோவா, சோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவி, எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கல்லைக் கொதிக்கவைக்கவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

● மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளத்திட்டுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அங்கே பவளம் வெட்டினார்கள். இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. இன்று கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

● பவளத்தை வெட்டி நட்டால் துண்டு தனியாக வளரும். வெளிநாடுகளில் பல பண்ணைகள் இப்படி ஒரு தாய்ப்பவளத்திலிருந்தே நூற்றுக்கணக்கில் உருவாக்குகின்றன. கடலைத் தொட வேண்டியதே இல்லை. எங்கே வளர்ந்தது என்பதற்கு முறையான ஆவணம் காட்டாத கடையில் எதையும் வாங்காதீர்கள்.